ஒல்லாந்துக் கடிதங்களும் யோகன் அண்ணையின் அறுபது பேரும்

1

காலை பத்து மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது மணல்.

நாலாக மடிந்திருந்த கடிதத்தை விரித்தபோது, மடிப்புக்குள்ளிருந்து சில கறுத்த துகள்கள் சாம்பல் நிறத் தாங்கியின் மேல் விழுந்து மினுங்கின. எழுதி முடித்த கையோடு மை காய்வதற்காகத் தூவும் மணல். தூவியவள் ஒல்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஃபிளிசிங்கன் துறைமுகத்தில் இருந்த ஒரு மாலுமியின் மனைவி. தூவி மூன்றரை நூற்றாண்டு ஆகிறது. அது வந்து விழுந்த இடம் லண்டனின் மேற்கே, தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில் உள்ள அரச ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறை.

தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருக்கும் என் வீட்டிலிருந்து அங்கே போக ஒரு டிராமும் இரண்டு ரயிலும் பிடிக்க வேண்டும். உள்ளே பேனை கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும். கோட்டு, கைப்பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் கீழே வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஆனால் என்ன படித்தாய், என்ன வேலை செய்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஏழு வருடம் அச்சுப்பிழை பார்த்து ஒப்புநோக்கினேன், அதற்குப் பிறகு ஃபிளிசிங்கனில் முதியோர் இல்லமொன்றில் பதினொரு வருடம் சலவை செய்தேன் என்று சொல்லியிருப்பேன். இரண்டும் இந்தக் கடிதங்களை வாசிக்க உதவுகின்றன. நிருபர்களின் கையெழுத்தோடு மாரடித்த கண்ணுக்குப் பழைய எழுத்து மெல்ல மெல்லப் பிடிபடுகிறது. சலவை அறையில் கேட்ட பேச்சு அதற்குக் குரல் கொடுக்கிறது.

கடிதங்கள் லண்டனுக்கு வந்த கதை சுருக்கமானது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தும் ஒல்லாந்தும் கடலில் பலமுறை போரிட்டன. ஆங்கிலேயர் பிடித்த கப்பல்களில் சரக்கோடு தபால் பைகளும் இருந்தன. பிடித்தது எதிரியின் கப்பல்தான் என்று நீதிமன்றத்தில் நிறுவுவதற்காகக் காகிதம் அத்தனையையும் லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். தீர்ப்பு வந்தது, சரக்கு விலைப்பட்டது. கடிதங்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை, யாரும் எறியவும் இல்லை. காப்பகப் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. சில இன்றுவரை பிரிக்கப்படாதவை.

யாழ்ப்பாணத்தவர்களாகிய நாங்கள் ஒல்லாந்தரைக் கோட்டையாலும் தோம்பு என்ற காணிப் பதிவேட்டாலும் அறிவோம். எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையை எழுத்தில் இடுவித்தவர்கள் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். அந்த ஒல்லாந்தர் எல்லாம் கவர்னரும் கணக்கரும். இந்தப் பெட்டிகளில் இருப்பது மற்ற ஒல்லாந்தர்: பாய்மரம் தைத்தவர்கள், பீப்பாய் உருட்டியவர்கள், அவர்களின் பெண்சாதிமார், அக்காமார். பள்ளிக்கூடத்தில் ஓரிரு வருடம் இருந்தவர்கள். காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. வாயில் எப்படி வந்ததோ அப்படியே காகிதத்தில் வந்திருக்கிறது. ஃபிளிசிங்கன் இருக்கும் ஸேலண்ட் மாகாணத்துப் பேச்சில் விழுங்கப்படும் ஒலியை எழுத்திலும் விழுங்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து அச்சிட்ட புத்தகங்களில் இந்த மொழியைக் காண முடியாது. புத்தகங்களில் பேசுபவர்கள் பிரசங்கிகள்.

அன்று நான் வாசித்தவள் கணவனுக்குக் கணக்கும் குடும்பச் செய்தியுமாக எழுதியிருந்தாள். சம்பளத்தில் தனக்கு வர வேண்டிய பங்கை வாங்கிவிட்டாள். யார் யாருக்குக் கொடுத்தாள், யாருக்குக் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்பதெல்லாம் இருக்கிறது. சின்னவன் நடக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார். மற்றவர்களின் கடிதங்களோடு கப்பல் வந்தபோது உங்கள் கடிதம் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். அழவில்லை, மழுப்பவும் இல்லை. கணவனை அவள் அழைக்கும் மரியாதைச் சொல்லைத் தமிழில் தாங்கள் என்றுதான் எழுத வேண்டும். அந்தத் 'தாங்கள்' என்ற விளிப்போடுதான் சண்டையும் பிடிக்கிறாள். கீழே அரைப் பக்கத்துக்கு, சுகம் விசாரித்தவர்களின் பெயர்கள்.

பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கைப்பேசியில் யோகன் அண்ணையின் அழைப்புகள் ஆறு தவறியிருந்தன.

2

யோகன் அண்ணை மிச்சத்தில் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார். அவரும் ஸேலண்டில் இருந்து வந்தவர்தான். அங்கே சிப்பி பொதி செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருடம். வேலை மேசையில் இரு பக்கமும் நின்ற ஒல்லாந்துப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு மொழி பிடித்தவர். மகள் அபிராமிக்குப் பத்து வயதானபோது, ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று எல்லோரையும்போல லண்டனுக்கு வந்தார். மனைவி காலமாகி ஆறு வருடம். அபி இப்போது குரோய்டனில் வேலை செய்கிறாள். புரட்டாதியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யோரிஸ் லண்டனில் வேலை பார்க்கும் ஒல்லாந்துக்காரப் பொடியன். கல்யாணம் அவனுடைய ஊரான மிடில்பேர்க்கில்.

நான் கடைக்குள் நுழைந்ததும் ஒரு கடிதத்தைக் கவுண்டரில் வைத்தார். யோரிஸின் தாய் யானெக்க கையால் எழுதியது.

"வாசியுங்கோ வசந்தி. ரண்டாம் பக்கம். நான் பிழையா விளங்கியிருந்தா சொல்லுங்கோ."

பிழையாக விளங்கவில்லை. சம்பந்தி அம்மா மிக அன்பாக எழுதியிருந்தார். அபியைப் பற்றி ஒரு முழுப் பந்தி. பிறகு, இராச்சாப்பாட்டு மேசையில் உங்கள் பக்கத்துக்குப் பதினாறு இடம் வைத்திருக்கிறோம். மற்றவர்கள் இரவு எட்டு மணிக்கு ஆட்டம் பாட்டுக்கு வரலாம், எல்லோரையும் வரவேற்கிறோம்.

"எட்டு மணிக்கு என்ன குடுப்பினம்?"

"குடிக்கக் குடுப்பினம். கொறிக்க ஏதும் இருக்கும்."

"அப்ப பதினாறு பேர் உள்ளுக்கை இருந்து சாப்பிடுகினம். மிச்சப் பேர் சாப்பாடு முடியுமட்டும் தெருவில நிண்டு பாக்கிறதோ?"

"தெருவில நிக்கிறேல்லை அண்ணை. அவை வீட்டில சாப்பிட்டிட்டு வருவினம். அங்கத்தை வழக்கம் அது."

"வீட்டில சாப்பிட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போறதோ! பிறகென்ன கல்யாணம் அது? பஸ்ஸுக்குப் போற மாதிரியெல்லோ இருக்கு."

பின்பக்கம் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அபி வெளியே வந்தாள். "அப்பா, இட்ஸ் நோர்மல் தெயர். டே கெஸ்ட், ஈவ்னிங் கெஸ்ட். எல்லாரும் அப்பிடித்தான் செய்வினம்."

"நான் அறுபது பேருக்குச் சொல்லிப்போட்டன்."

"அந்த அறுபதில பாதிப்பேருக்கு விசாவே கிடைக்காது அப்பா."

"கிடைக்கிற பாதிக்கு ஆர் சாப்பாடு போடுறது?"

சிரிக்கத்தான் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அறுபது பேர் யாரென்று எனக்குத் தெரியும். நானும் ஒருத்தி. அவர் மனைவி போனபோது எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மிச்சத்திலிருந்தும் கிழக்கு லண்டன் பார்க்கிங்கிலிருந்தும் மூன்று வேளையும் சாப்பாடு போனது. ஷிப்டுக்குப் போகும் வழியில் வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களைத்தான் இப்போது எட்டு மணிக்கு, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும்.

"என்னால ஏலாது," என்றார். "அபி, நீ போய்க் கட்டு. நான் வரேல்லை. வந்து அந்தப் பதினாறு பேரோட இருந்து எனக்குத் தொண்டைக்குள்ளால இறங்காது."

அபி உள்ளே போய் மூட்டைகளை அடுக்கினாள். சத்தம் பெரிதாகக் கேட்டது.

3

ஃபிளிசிங்கனில் முதல் வருடம், பக்கத்து வீட்டு ஐந்து வயதுக் குழந்தையை நான் மரியாதைப் பன்மையில் விளித்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகம் அப்படித்தான் கற்றுத் தந்திருந்தது. குழந்தை தன் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. அந்த வீட்டுத் தாய் ஒருநாள், இன்றைக்கு நாலு பேருக்குத்தான் உருளைக்கிழங்கு உரித்தேன், நாளைக்கு வந்தால் உங்களுக்கும் சேர்த்து உரிக்கிறேன் என்று வாசலில் வைத்துச் சொன்னாள். அன்று இரவு எனக்குக் கோபத்தில் நித்திரை வரவில்லை. மறுநாள் போனேன். எனக்கென்று உரித்து வைத்திருந்தாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது. முழுதாக விளங்கவைத்தது அந்த வாசிப்பறைதான். மாலுமிகளின் மனைவிமார் எல்லாவற்றையும் அளவோடு சொல்கிறார்கள். வீட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு காலத்துக்குப் போதும், யாருக்கு எவ்வளவு பங்கு. கணவன் உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறான். கடிதம் போகவே மாதக்கணக்கு. மறைத்தால் அவன் பிழையாக நம்பிக்கொண்டிருப்பான். அதனால் சொல்லிவிடுகிறார்கள். புருஷன் கடலில் இருக்க, வீட்டையும் கொடுக்கல் வாங்கலையும் பிள்ளைகளையும் தனியே நடத்திய பெண்களின் மொழி இது. அளவைச் சொல்வது கஞ்சத்தனம் இல்லை. உன்னை ஏமாற்ற மாட்டேன் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த வழி அது.

கோட்டை கட்டிய ஒல்லாந்தர் மேல் எனக்கு ஒருநாளும் மதிப்பு இருந்ததில்லை. இந்தப் பெண்கள்மேல் இருக்கிறது.

யானெக்கவின் கடிதம் அந்தப் பரம்பரை. பதினாறு என்று முன்கூட்டியே எழுதியது, யோகன் அண்ணை அங்கே போய் நின்று சங்கடப்படக் கூடாது என்பதற்காக. இதை அவருக்குச் சொன்னேன். தலையாட்டினார். வரமாட்டேன் என்பதில் மாற்றம் இல்லை.

"அப்ப அதை அவவுக்கு எழுதுங்கோ," என்றேன். "உங்கட கஷ்டம் என்னெண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் எழுதுறதோ? கதைக்க ஏலும். எழுத ஏலாது. அங்கை இருந்த காலம் முழுக்க நான் எழுதினது என்ர கையெழுத்து மட்டுந்தான்."

4

ஞாயிறு பின்னேரம் கடையில் கூடினோம். யோகன் அண்ணையின் கல்லாவுக்குப் பின்னால், சுவாமிப் படங்களுக்குக் கீழே, உள்துறை அமைச்சு அவருக்குக் கொடுத்த குடியிருப்பு அனுமதியின் மின்னஞ்சல் லெமினேட் செய்யப்பட்டுத் தொங்குகிறது. அது காகிதம் அல்ல, இணையத்தில் மட்டும் உள்ள பதிவு, அச்சிட்டால் செல்லுபடியாகாது என்று அந்த மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் லெமினேட் செய்திருக்கிறார். கையில் பிடிக்க ஒன்று வேண்டும் என்கிறார்.

அபி கைப்பேசியிடம் சொல்லிக் கடிதத்தை எழுதுவித்து வைத்திருந்தாள். நல்ல ஒல்லாந்து மொழி. ஒரு பிழை இல்லை. வாசித்துக் காட்டினாள். தங்கள் அன்பான அழைப்புக்கு மனமார்ந்த நன்றி, பண்பாட்டு வேறுபாடுகளைக் கருத்தில் கொண்டு, என்று போனது.

யோகன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"இது நானில்லை. இது கவுன்சில்."

"அப்பா!"

"உண்மையாத்தான். குப்பைத்தொட்டி மாத்துறதுக்கு வாற கடிதம் இப்பிடித்தான் இருக்கும். அந்த மனிசி கையால எழுதியிருக்கு. நான் மெஷினால பதில் போடுறதோ?"

நான் ஃபிளிசிங்கன்காரியின் கடிதத்தைக் கைப்பேசியில் எடுத்தேன். பழைய எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. நடுப்பகுதியை நான் வாசித்தேன், சம்பளப் பங்கும் சின்னவன் நடப்பதும். அவர் மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்.

"என்ன, இவ எங்கட சிப்பிப் பக்டரியில நிண்ட கொரி எண்ட மனிசி மாதிரியெல்லோ கதைக்கிறா. எந்தக் காலத்து ஆள்?"

"யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டின காலம்."

"பள்ளிக்கூடம் போனவவோ?"

"பெரிசாப் போகேல்லை. ஒரு சொல்லை ஒரே பக்கத்தில மூண்டு விதமா எழுதியிருக்கிறா."

"ஆரும் சிரிக்கேல்லையோ?"

"இப்ப யூனிவேர்சிற்றியில இருந்து வந்து இதைத்தான் படிக்கினம். சனம் உண்மையா எப்பிடிக் கதைச்சதெண்டு வேற ஒண்டிலயும் இல்லையாம்."

ஒரு பெண் பாலும் கறிவேப்பிலையும் வாங்கிப் போனாள். பிறகு யோகன் அண்ணை கோடு போட்ட கொப்பி ஒன்றைக் கடை அலுமாரியிலிருந்து எடுத்து, விலைச் சீட்டை உரித்து, எழுதத் தொடங்கினார். முதல் வரிக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அபி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நோ. இப்பிடி ஒருத்தரும் எழுதமாட்டினம்."

அவர் எழுதியிருந்தது: நானும் மகளும் இங்கே கடவுள் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அதுபோல நீங்களும் குடும்பமும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். வேறு விதமாக இருந்தால் எனக்குக் கவலை.

"கடிதமெண்டா இப்பிடித்தான் துவங்கிறது," என்றார்.

"தமிழில. டச்சில இல்லை. வியர்டா இருக்கும். வசந்தி அன்ரி, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் பேப்பரில வேலை செய்தனீங்கள்தானே."

வேலை செய்தேன்தான். வாசகர் கடிதப் பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு கடிதத்திலும் நாங்கள் முதலில் வெட்டுவது அந்தச் சுக விசாரிப்பைத்தான். அச்சில் அதற்கு இடமில்லை. செய்தி அதற்குக் கீழேதான் தொடங்கும் என்பது எங்கள் தொழிலின் பழக்கம். அபியும் அதையேதான் சொல்கிறாள்.

நான் கைப்பேசியில் கடிதத்தின் தலைப்பகுதிக்குப் போனேன். படத்தைப் பெரிதாக்கி அபியிடம் கொடுத்தேன். விரலால் தொட்டுத் தொட்டுச் சொல் சொல்லாகக் காட்டினேன். அவளுடைய ஒல்லாந்து மொழி பத்து வயதோடு நின்றது. ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

நான் இன்னும் சுகமாக இருக்கிறேன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். தாங்களும் அப்படியே இருப்பதாகக் கேட்க ஆசைப்படுகிறேன். வேறு விதமாக இருந்தால் எனக்கு மனக்கவலை.

அவள் தகப்பனுடைய கொப்பியைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

"அப்பா இதைப் பாத்துத்தான் எழுதினவரோ?"

"இந்தப் பகுதியை நான் அவருக்கு வாசிக்கவே இல்லை."

பெட்டி பெட்டியாக இதே மூன்று வரிகள் இருக்கின்றன. எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களின் கடிதங்களில் இன்னும் கூடுதலாக. நன்றாக எழுதத் தெரிந்த வணிகர்கள் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது மாடிப்படியின் கைபிடி. அதைப் பிடித்தால்தான் மேலே ஏற முடியும். அதோடு அது பொய்யும் அல்ல. கடலில் போனவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாதவளுக்கு முதல் செய்தியே அதுதான்.

"ஓகே," என்றாள் அபி. "விடுங்கோ. ஆனா இனிக் கேளுங்கோ, என்ன வேணுமெண்டு. நேரா."

நேராகக் கேட்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. விருந்து வைப்பவரிடம் உன் விருந்து போதாது என்று எப்படிச் சொல்வது? இருட்டும்வரை இருந்து எழுதினார். மனைவி இறந்தபோது சாப்பாடு கொண்டுவந்தவர்களைப் பற்றி எழுதினார். அவர்களைப் பசியோடு ஆட விட்டால் தான் இனி மிச்சத்தில் கடை திறக்க ஏலாது என்று எழுதினார். பதினாறு இடத்துக்கு நன்றி. எட்டு மணிக்கு வருகிறவர்களுக்கான சாப்பாட்டை நான் லண்டனில் இருந்து சமைத்துக்கொண்டு வருகிறேன், ஆட்டிறைச்சி ரோல்ஸும் புரியாணியும், உங்கள் ஆட்களுக்கும் சேர்த்து. உங்களுக்குக் கோபம் வருமா? சொல்லுங்கள்.

அபி ஒரு பிழையையும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. ஒப்புநோக்கிய கை சும்மா இருக்கப் பாடுபட்டது.

5

கடிதத்தின் கீழே கால் பக்கத்துக்குப் பெயர்கள். இன்னார் சுகம் விசாரித்தார், இன்னார் விசாரித்தார். யானெக்கவுக்கு அதில் ஒருவரையும் தெரியாது.

"ரண்டு பிரதி எழுதுவம்," என்றார் யோகன் அண்ணை. "ஒண்டு தபாலில. ஒண்டு யோரிஸின்ர கையில."

அபி ஏன் என்று கேட்கவில்லை. தகப்பனுடைய ஆட்கள் எல்லாவற்றையும் இரண்டாகச் செய்வார்கள் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. போரில் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த நாட்களில், கொழும்புக்குப் போகிற இரண்டு பேர் கையில் ஒரே கடிதத்தைக் கொடுத்து அனுப்பிய தலைமுறை நாங்கள். மாலுமிகளின் மனைவிமாரும் ஒரே செய்தியை வேறு வேறு கப்பலில் போட்டார்கள். ஒன்று பிடிபட்டாலும் மற்றது போய்ச் சேரும் என்ற கணக்கு. நான் வாசித்தது பிடிபட்ட பிரதி. மற்றது என்று ஒன்று இருந்ததோ தெரியாது.

என் மகனுக்கு அந்த வாரம் நாலு செய்தி அனுப்பினேன். நாலுக்கும் கட்டைவிரல் உயர்த்திய படம் வந்தது. அதுவும் சுகம் என்பதற்கான ஒரு வாய்பாடுதான் என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் கோபம் வரும்.

மூன்று கிழமை பதில் இல்லை. யோகன் அண்ணை நாளுக்கு இரண்டு தரம் கதவடியைப் பார்த்தார். கோட்டு சூட்டுக்கு அளவு கொடுக்கப் போகவில்லை. அபியும் கேட்கவில்லை. இருவரும் கடையில் விலையையும் சில்லறையையும் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டார்கள்.

6

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அபி வேலையால் வரும்வரை யோகன் அண்ணை அதைப் பிரிக்கவில்லை. என்னையும் கூப்பிட்டார். அபிதான் வாசித்தாள். முதல் வரியில் நின்றுவிட்டாள்.

"என்ன, கோபமாமோ?"

"இல்லை அப்பா." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம். அதுபோல நீங்களும் இருக்க வேண்டும். வேறு விதமாக இருந்தால் எனக்குக் கவலை.

யானெக்க அதற்குக் கீழே எழுதியிருந்தார். உங்கள் கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தேன், இரண்டு தரம். ஒரு தரம் யோரிஸின் தம்பிமாருக்கு. கோபம் இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது, சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒரு விஷயம். உங்களால் லண்டனில் இருந்து இறைச்சி கொண்டுவர முடியாது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதிலிருந்து சுங்கத்தில் பறித்துவிடுவார்கள், பாணுக்குள் வைத்த இறைச்சித் துண்டைக்கூட. அதனால் மண்டபத்தின் சமையலறையை எடுத்திருக்கிறேன். ஆறு அடுப்பு இருக்கிறது. பதினொரு மணிக்குத் துடைத்துக் கொடுக்க வேண்டும். ஆட்டிறைச்சிக்கு இங்கே கடையில் சொல்லி வைக்கிறேன், எத்தனை கிலோ என்று எழுதுங்கள். ஒரு ஆளுக்கு எத்தனை ரோல்ஸ் என்றும் எழுதுங்கள்.

"ஒரு ஆளுக்கு எத்தனையோ!" யோகன் அண்ணை என்னைப் பார்த்தார். "ரோல்ஸை ஆர் ஆளுக்கு எண்ணுறது?"

"எண்ணி எழுதுங்கோ அண்ணை," என்றேன். "அவ உங்களுக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறா."

அவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனால் கொப்பியை எடுத்தார். அபி தகப்பனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தை அவள் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. அதில் சுகம் விசாரித்தவர்களின் பெயர்கள் இருந்தன, எங்களுக்குத் தெரியாதவை.

ஹாரிச் துறைமுகத்திலிருந்து ஒல்லாந்து போகும் இரவுக் கப்பலுக்கு, சாமான் ஏற்றும் வானோடு சேர்த்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வானில் நாலு பெரிய தாச்சியும், இரண்டு கிடாரமும், அகப்பைகளும், பட்டுச் சேலைகளும், ஒரு சூட்டும் போகின்றன. இறைச்சி இல்லை.